பகலில் தெரிந்த ஊர்வலம்

புஷ்பவள்ளி தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தாளென்றால் கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுருக்கமாகச் சொல்ல அவளுக்கு வராது. பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் அவர்கள் வீட்டு வரிசையில் அந்தக் கதையைக் கேட்காத வீடு கிடையாது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குக்கூட பாதி மலாயிலும் மீதியைக் கையாலும் சொல்லி முடித்திருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் புருஷன் ரொம்ப நல்ல மனுஷன் லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதை இதுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், அவளுடைய அப்பா ஐயாசாமி நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள். மகன் ஜெயபாலன் வெகுதூரத்தில் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருந்தான். அன்று காலை அப்பாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. "தம்பியக் கூப்பிடு, தம்பியக் கூப்பிடு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

யாரை அனுப்புவது? தமிழ்நாட்டிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து அடுத்த தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கும்பலில் நிற்க ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பியதுதான் தாமதம், கிழவிகள் முதல் கைக்குழந்தைக்காரிகள் வரை பவுடர் பூசிக்கொண்டு ஓடிவிட்டார்கள். லயத்து வீடுகளில் ஆள் இல்லை. லோகேஸ்வரன் மட்டும் கடைசி ஆளாக, தலையை வாரி விட்டுக்கொண்டு, ஷூட்டிங்குக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். அண்ணனின் கூட்டாளி. புஷ்பவள்ளி செருப்பில்லாமல் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். "எங்கண்ணனக் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினான், போய்விட்டான்.

பொழுது சாய்ந்து திரும்பி வந்தான். தனியாக வந்தான். தொழிற்சாலையை நிறுத்திப் பழுது பார்க்கிறார்களாம், யாரையும் வெளியே விடமாட்டார்களாம், வாசலில் காவல்காரனிடம் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தானாம். அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். அண்ணன் மறுநாள் காலையில் தொழிற்சாலைச் சீருடையோடும் இரும்புமுனை பூட்ஸோடும் வந்து விழுந்து அழுதான்.

"தோட்டமே நடிகை மொகத்தப் பாக்க ஓடுன அன்னைக்கு, எனக்காகப் பாசிர் கூடாங் வரைக்கும் போயிட்டு வந்த ஒரே மனுஷன் இவருதான்" என்று புஷ்பவள்ளி கதையை முடிப்பாள். சித்தப்பா வேறு இடம் பார்த்தார், வாத்தியார் மாப்பிள்ளை. அவள் மாட்டேனென்றுவிட்டாள். கட்டினால் அந்த மோட்டார் சைக்கிள்காரனைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சண்டை வந்த நாட்களிலும், அவர் குடித்துவிட்டு வந்த காலத்திலும், மாமியார் வாயைத் தாங்க முடியாத வருஷங்களிலும், அந்த ஒரு பயணத்தை நினைத்துத்தான் அவள் மனதை ஆற்றிக்கொண்டாள். ஒரு மனுஷன் தன்னை நிரூபிக்க எத்தனை தடவை நிரூபிப்பான்? ஒரு தடவை போதாதா?

தோட்டத்துச் சனங்களை அவள் மன்னிக்கவே இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. அந்தப் படம் வெளிவந்தபோதும் தியேட்டர் பக்கம் தலைவைக்கவில்லை. லோகேஸ்வரன் மட்டும் நாலு தடவை போய்ப் பார்த்தார். நம்ம ஊர் வந்திருக்கே என்ற ஆசை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். ரொம்ப வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு டிவியில் போட்டபோதுதான் அவளும் பார்த்தாள். தோட்டத்துச் சனங்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ராத்திரியில் மானேஜர் பங்களாவுக்குப் போகிற ஊர்வலம் வந்தது. கருநீல இருட்டு, அதில் ஆடிக்கொண்டு போகிற நெருப்புத் துளிகள், அவ்வளவுதான். ஒரு முகமும் தெரியவில்லை. இதற்காகவா செத்துக்கொண்டிருந்த மனுஷனை விட்டுவிட்டு ஓடினீர்கள் என்று அவளுக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தன.

மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடந்து போய்ப் பொழுது விழுந்து வருகிற பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையிலிருந்து பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"அம்மா, உங்க ஊர்ல எடுத்த படம். நெகட்டிவத் தேடிக் கண்டுபிடிச்சு, சுத்தம் பண்ணி, புதுசா ப்ளூ-ரே போட்டிருக்காங்க. தியேட்டர்ல பாத்ததவிட சூப்பரா இருக்குமாம்."

லோகேஸ்வரன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் பெருமைதான். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறார் அவர், அன்றைக்கு லீவு. பனியனோடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, படம் ஓட ஓட அவரே பின்னால் வருவதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் உண்மையிலேயே துலக்கி வைத்த மாதிரி இருந்தது. ரப்பர் மரத்துப் பட்டையில் பால் வடிந்த கோடுகூடத் தெரிந்தது. புஷ்பவள்ளிக்கே பழைய கோபம் கொஞ்சம் தணிந்து, இது யார் வீடு, அது எந்தப் பாதை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இப்ப பந்தம் புடிக்கிற சீன் வரும்" என்றார் லோகேஸ்வரன். "ஒரே இருட்டு, ஒன்னும் தெரியாது. புஷ்பா, அதுக்குள்ள பால் இல்லாம ஒரு தே ஓ போட்டுக் கொண்டாயேன்."

"இருங்க, முடியட்டும்."

இருட்டு வரவில்லை. பட்டப்பகல் வந்தது. மேலே வெள்ளை வெளேரென்று வானம். கீழே மண்சாலை வெயிலில் மின்னியது. அந்த வெயிலில் சனங்கள் எரிகிற தீப்பந்தங்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கோஷம் போட்டுக்கொண்டு, நிழல் காலடியில் விழ விழ நடந்துவந்தார்கள்.

லோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அலமாக்! என்னப்பா இது? மொட்டை வெயில்ல எதுக்குப் பந்தம்?"

லோகேஸ்வரன் சிரிக்கவில்லை. சம்மணத்தைக் கலைத்துக் காலைக் கீழே போட்டார்.

காமிரா வரிசையை ஒட்டி நிதானமாக நகர்ந்தது. ஒவ்வொரு முகமாக வந்து போனது. ராசம்மாக்கா வந்தாள். அவளுக்குப் பின்னால் கடைக்கார மனோகரன் வந்தார். செத்துப்போனவர்களும் பேச்சு விட்டுப்போனவர்களும் இளசாக, திடமாக நடந்துவந்தார்கள். புஷ்பவள்ளி வாயைத் திறந்து பெயர் சொல்லப் போனாள். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான்.

ஜெயபாலன்தான். அந்த நெற்றியும் அந்த முன்பல்லும் வேறு யாருக்கும் கிடையாது. இடுப்பில் கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, கையில் பந்தம் வைத்திருந்தான். தொழிற்சாலையில் கதவடைத்து உள்ளே வைத்திருந்த அண்ணன். அவன் இன்னொரு கையைப் பக்கத்தில் வருகிறவன் தோளில் போட்டிருந்தான். பக்கத்தில் வந்தவன் கையிலும் ஒரு பந்தம் எரிந்தது. அவன் ஜெயபாலன் காதில் என்னவோ சொல்லிவிட்டு, கோபமாகப் போகிற ஊர்வலம் என்பதையே மறந்து வாய்விட்டுச் சிரித்தான். காலையில் வாரிய தலை கலையாமல் அப்படியே இருந்தது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டே லோஷினி படத்தை நிறுத்தினாள். "அப்பா, அது நீங்கதானே! சினிமாவுல நடிச்சிருக்கீங்களா? இத்தனை நாளா வாயத் தொறக்கலையே!"

திரையில் லோகேஸ்வரன் சிரித்தபடி நின்றார். சோபாவில் லோகேஸ்வரன் எழுந்து நின்றார்.

"கலர் தப்பு" என்றார். "என்ன இழவு டிஸ்கு இது? இது நைட்டு சீன் லா! தியேட்டர்ல பாத்த எவன வேணும்னாலும் கேளு. நைட்டு! நீலமா இருக்கும். அத எடுத்துட்டு... இப்படியா கெடுப்பானுங்க? காசு வாங்குறானுங்களே, வெக்கமா இல்ல? ஏமாத்துக்காரப் பசங்க!"

லோஷினி கைப்பேசியைத் தட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள். "ஆமாம்மா, எல்லாரும் இதத்தான் திட்டியிருக்காங்க. அப்பல்லாம் நைட்டு சீன பகல்லயே எடுத்துருவாங்களாம். அப்புறம் லேப்ல இருட்டாக்கி, நீலம் கூட்டி பிரிண்ட் போட்டுத் தியேட்டருக்கு அனுப்புவாங்க. இப்ப இவங்க நெகட்டிவ எடுத்திருக்காங்க இல்ல, அதுல எடுத்தது எடுத்தபடி பகலாத்தான் இருக்கும். கலர் சரிபண்ண ஆளுக்கு இது நைட்டுன்னு தெரியல போல. பளிச்சுன்னு விட்டுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் தேய்ந்தது. சின்ன வயதிலிருந்து தூங்கப் போகும்போது கேட்ட கதை அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "ஆனா அப்பா... அன்னைக்கு நீங்க பாசிர் கூடாங்ல..."

புஷ்பவள்ளி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க" என்றாள். "அண்ணன் அங்கதான் இருக்காருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"புஷ்பா, அது வந்து..."

"தெரியுமா, தெரியாதா?"

"எம்.சி. லீவு எடுத்துட்டு மொத நாளே ஷூட்டிங்குக்கு வந்துட்டான். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு சொல்லல. கூட்டிட்டு வரத்தான் நான் போனேன், சத்தியமா. நடுவுல ஆள விடமாட்டேன்னாங்க. வரிசை மாறிடுமாம். இதோ ஒரே ஷாட்டு, இதோ ஒரே ஷாட்டுன்னாங்க."

"சரி, அண்ணன விடல. உங்க கையில ஏன் பந்தம்?"

"ஆள் கொறையுதுன்னு குடுத்தாங்க. மொகம் நல்லாத் தெரியுற எடத்துல நிக்க வெக்கிறேன்னாங்க. வாங்கிட்டேன்."

அடுத்த தோட்டம். ஓட்டமாக ஓடினாலே போய்விடலாம். புஷ்பவள்ளி அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. அன்று சாயங்காலம் அது கொப்புளமாக இருந்தது. மோட்டார் சைக்கிள் புகைக்குழாயில் பட்டுவிட்டதென்றார். அப்பாவைக் கூடத்தில் கிடத்திவிட்டு, அழுத கண்ணோடு, எனக்காக இப்படிச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அவள்தான் மருந்து போட்டுவிட்டாள். அந்தக் கையைத் தொட்ட நேரத்தில்தான் மனதில் முடிவு பண்ணினாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. பொய் சொன்னவர்கள் இரண்டு பேர். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக ஊர் ஊராக, வீடு வீடாக அந்தப் பொய்க்கு மேளம் அடித்தது அவள். கதையை அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "அட விடு புஷ்பா, பழைய கத" என்பார். அதை அவள் தன்னடக்கம் என்று நினைத்தாள். எவ்வளவு பெரிய முட்டாளாக்கி வைத்திருக்கிறார்கள்! ராசம்மாக்கா போன்றவர்கள் என்ன செய்தார்கள்? வேடிக்கை பார்க்கப் போகிறோமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைத் தூக்கியெறிந்துவிட்டு, இவரை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"படத்த ஓட விடு" என்றாள் மகளிடம். லோஷினி ஓட விடவில்லை. எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்தது. புஷ்பவள்ளி சமைத்தாள், துணி துவைத்தாள், எதையும் நிறுத்தவில்லை. அவருக்கு விடிகாலையில் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுப்பதை மட்டும் விட்டாள். அண்ணன் போன் அடித்தால் எடுப்பதில்லை. அவன் விஷயம் தெரிந்துகொண்டு, "வயசுக் கோளாறு, மன்னிச்சிரும்மா, அன்னையிலேர்ந்து நான் நிம்மதியா தூங்குனதில்ல" என்று குரலைப் பதிந்து அனுப்பியிருந்தான். அவள் பதில் போடவில்லை. இருந்தாலும் அவன் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்டான்.

கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து ஒரு வார்த்தை சொல்வார், தப்புதான் புஷ்பா என்று வாயைத் திறப்பார் என்று அவள் காத்திருந்தாள். எத்தனை கோபத்திலும் அதற்கு ஒரு இடம் வைத்திருந்தாள். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் கைப்பேசியில் தட்டித் தட்டி, டிஸ்க் கம்பெனிக்குப் புகார் எழுதினார். இரவுக் காட்சியைப் பகலாக்கியது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்று எழுதினாராம். அதைச் சாப்பாட்டு மேசையில் அவரே சொன்னார். துரோகம் என்ற வார்த்தையை அந்த வாய் கூசாமல் சொன்னது. புஷ்பவள்ளி தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

பல நாட்டிலிருந்தும் அதே புகார் போயிருக்கும் போலிருக்கிறது. கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டது. பழைய பிரிண்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, போட்டுப் பார்த்து, அதில் இருந்த நிறத்தின்படியே திருத்தி, வாங்கினவர்களுக்கெல்லாம் புது டிஸ்க் அனுப்பியது. லோஷினி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அது தபாலில் வந்தது. லோகேஸ்வரனுக்கு அன்று மதிய ஷிப்டு. குளித்துவிட்டு வந்தவர் உறையைக் கிழித்து, நேரே டிவிக்குப் போனார். வாணலியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்.

"புஷ்பா, இங்க வாயேன். ஒரு நிமிஷம் பாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். படத்தை ஓட்டி ஓட்டிச் சரியாக அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். வானம் கருநீலமாக இருந்தது. சாலையில் இருட்டு. நெருப்புத் துளிகள் வரிசையாக ஆடிக்கொண்டு போயின. ராசம்மாக்கா இல்லை, மனோகரன் இல்லை. காமிரா நகர்ந்து அந்த இடத்துக்கு வந்தது. இரண்டு கரிய உருவங்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு போயின. யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

லோகேஸ்வரன் பெருமூச்சு விட்டார். வயிற்றிலிருந்து வந்த மூச்சு. தோள் இரண்டும் இறங்கின.

"பாத்தியா? இதான் ஒரிஜினல். தியேட்டர்ல இப்படித்தான் இருந்துச்சு. நான் சொன்னப்ப யாராச்சும் நம்புனீங்களா?"

அந்த மூச்சைக் கேட்டதும் புஷ்பவள்ளிக்குள் இத்தனை வாரமாகத் திறந்து வைத்திருந்த ஒன்று மூடிக்கொண்டது. இந்த மனுஷனுக்குச் செய்தது உறுத்தவே இல்லை. தெரிந்ததுதான் உறுத்தியது. இருட்டு திரும்பக் கிடைத்துவிட்டது, இனி அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

"அன்னைக்கு நீங்க வண்டிய எடுத்துட்டுப் போன பிறகு என்ன நடந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். "கதையில அத விட்டுட்டுத்தான் சொல்லுவேன். சொன்னா எனக்கு அழுகை வந்துரும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு, எங்க வந்துட்டாங்க, எங்க வந்துட்டாங்கன்னு. மூச்சு வாங்குது, அப்பவும் கேக்குறாரு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப பாசிர் கூடாங் போயிருப்பாருப்பா. இப்ப அண்ணன பின்னாடி ஏத்திட்டாரு. இப்ப ஸ்கூடாய் தாண்டிட்டாங்க. பெக்கான் நனாஸ் வந்தாச்சு, அன்னாசிக் கடைங்ககிட்ட வந்துட்டாங்க. ஒவ்வொன்னுக்கும் தலைய ஆட்டுவாரு. லோகேஸ் வேகமா ஓட்டுவாருப்பா, கண்ண மூடாதீங்கன்னேன். காயு ஆரா பாசோங் வந்துட்டாங்கப்பா, இதோ, இன்னும் கொஞ்ச தூரம்தான்னு சொன்னேன். அதுக்கும் தலைய ஆட்டுனாரு. அதோட போயிட்டாரு."

லோகேஸ்வரனின் கையிலிருந்த ரிமோட் தாழ்ந்தது. பின்னால் திரையில் ஊர்வலம் இன்னும் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது.

"நம்பிக்கிட்டேதான் போனாருங்க" என்றாள் புஷ்பவள்ளி. "அந்த ரோட்டுல யாருமே இல்ல."